பிபிசி மைக்ரோவுக்கு மலிவு ஏவி–எச்டிஎம்ஐ பெட்டி: வாங்கலாமா?

பழைய வீடியோ சிக்னலை இன்றைய டிவிக்கு ஏற்ற எச்டிஎம்ஐ ஆக மாற்றித் தரும், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் வெள்ளைப் பெட்டி. ஒரு பக்கம் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என மூன்று ஆர்சிஏ சாக்கெட். மறுபக்கம் எச்டிஎம்ஐ. கரண்டுக்கு ஒரு சின்ன யுஎஸ்பி துளை. 720, 1080 என்று மாற்றிக்கொள்ள ஒரு ஸ்விட்ச். மேலே பெயர் இல்லை, கம்பெனி முத்திரை இல்லை. பத்துப் பவுண்டுக்குள் வாங்கினேன். ஒரே அச்சில் வார்த்த பெட்டியைப் பல பெயர்களில் விற்கிறார்கள்.

இதைப் பழைய டிவிடி பிளேயருக்கும் வீடியோ கேமராவுக்கும் வாங்கியவர்களின் மதிப்புரைகள் நிறையவே கிடைக்கின்றன. நான் வாங்கியது வேறு வேலைக்கு. என்னிடம் பிபிசி மைக்ரோ மாடல் பி கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. அதன் படத்தை இன்றைய எல்இடி டிவியில் பார்க்க வேண்டும். அந்த வேலைக்கு இந்தப் பெட்டி எப்படி என்று விவரமாக எழுதிய ஒருவரையும் காணோம். ஆகவே நானே எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழுது பார்க்கும் மேஜைக்கும், வரிக்கு 40 எழுத்து வரும் திரைகளுக்கும் தாராளமாக வாங்கலாம். 80 எழுத்துத் திரையில் உட்கார்ந்து எழுதுகிறவர்களும், வண்ணத்தில் விளையாட நினைப்பவர்களும் இதை வாங்க வேண்டாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். "படமே வரவில்லை", "கலர் வரவில்லை", "எழுத்து கலங்குகிறது" என்று இந்தப் பெட்டியைத் திட்டுகிற குறைகளில் பாதிக்கு மேல் பெட்டியுடையவை அல்ல. அதற்குள் நுழையும் சிக்னலில்தான் விஷயம் இருக்கிறது. அதைச் சரிபார்க்காமல் ஒரு பெட்டியை எறிந்துவிட்டு இன்னொன்று வாங்கினால் அதிலும் அதே படம்தான் வரும்.

நான் மதுரையில் டிவி மெக்கானிக்காக இருந்தவன். வால்வு செட்டில் தொழில் கற்று, 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியோடு தூர்தர்ஷனில் கலர் வந்ததும் கலர் செட்டுக்கு மாறினேன். இப்போது லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறேன். படம் ஓடுவதையும் சாய்வதையும் பார்த்தே பழுது எந்தப் பக்கம் என்று சொல்லும் பழக்கம் இன்னும் விடவில்லை. அந்தக் கண்ணோடுதான் இந்தப் பெட்டியையும் பார்த்தேன்.

கம்ப்யூட்டரைப் பற்றிக் கொஞ்சம். கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் நிறுவனம் 1981 டிசம்பரில் வெளியிட்ட மாடல் இது. சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்தது. 2 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 6502 சிப், 32 கே நினைவகம். பிரிட்டிஷ் பள்ளிகளில் பெரும்பாலானவற்றில் இது இருந்தது. நம் நாட்டுக்கும் வந்தது. 1984-ல் மத்திய அரசு தொடங்கிய கிளாஸ் என்ற கணினிக் கல்வித் திட்டத்தில் பள்ளிகளுக்குக் கொடுத்தது இந்தக் கம்ப்யூட்டரைத்தான். மொகாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் இதையே யூனிகார்ன் என்ற பெயரில் தயாரித்தது. எண்பதுகளில் பள்ளிக்கூடத்துப் பூட்டிய அறையில், செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ப் பார்த்த பழுப்பு நிறக் கம்ப்யூட்டர் நினைவில் இருப்பவர்களுக்கு அது அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்.

பின்பக்கம் படத்துக்கென்று மூன்று வழிகள். ஒன்று, டிவியின் ஆன்டெனா சாக்கெட்டுக்குப் போகும் யுஎச்எஃப். இது 36-வது சேனலில் வரும். இரண்டு, பிஎன்சி சாக்கெட்டில் வரும் காம்போசிட் வீடியோ, அதாவது படம் முழுவதும் ஒரே கம்பியில். மூன்று, சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனிக் கம்பியில் வரும் ஆறு பின் வைத்த ஆர்ஜிபி. நம் பெட்டிக்கு வேண்டியது இரண்டாவது. பிஎன்சியை ஆர்சிஏ ஆக்கும் சின்ன அடாப்டர் ஒன்று போட்டு, மஞ்சள் முனை வைத்த சாதாரணக் கேபிளை மாட்டினால் போதும். சத்தத்துக்குத் தனி வயர் கிடையாது. ஸ்பீக்கர் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிறது. அதனால் சிவப்பும் வெள்ளையும் சும்மா கிடக்கும்.

மாட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை. பல வருஷம் பரணில் கிடந்த செட்டை வாங்கினால் உடனே ஸ்விட்சைப் போடாதீர்கள். பவர் சப்ளைக்குள் மெயின்ஸ் வரும் இடத்தில் மெட்டலைஸ்டு பேப்பர் கண்டென்சர் இரண்டு இருக்கின்றன, 0.1 மைக்ரோஃபாரட் ஒன்று, 0.01 மைக்ரோஃபாரட் ஒன்று. நாற்பது வருஷத்தில் அவற்றின் உறையில் கீறல் விழுந்து ஈரம் ஏறியிருக்கும். கரண்ட் கொடுத்துக் கொஞ்ச நேரத்தில் படாரென்று வெடித்து, அறை முழுக்க மூக்கைத் துளைக்கும் புகை வரும். மெயின்ஸில் போடுவதற்கென்றே வரும் எக்ஸ்2 ரகத்தில் புதிதாக இரண்டு வாங்கி மாற்றிவிட வேண்டும். சில்லறைச் செலவுதான். ஆனால் அந்தத் தகரப் பெட்டிக்குள் இருக்கும் பெரிய கண்டென்சர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிரைப் பறிக்கும் வோல்டேஜை வைத்திருக்கும். மெயின்ஸ் வேலை தெரியாதவர்கள் தெரிந்தவரிடம் கொடுங்கள். இதில் துணிச்சல் காட்ட வேண்டியதில்லை.

சரி, இப்போது பெட்டிக்கு வருவோம். இதில் எனக்கு மிகவும் பிடித்த குணத்தை அட்டையில் எழுதவே இல்லை. சிக்னலே இல்லாவிட்டால் இது டிவிக்கு நீலத் திரையை அனுப்புகிறது. சிங்க், அதாவது ஒவ்வொரு வரியும் திரையும் எங்கே தொடங்குகிறது என்று டிவிக்குச் சொல்லும் துடிப்பு, வந்து படம் மட்டும் வராவிட்டால் கறுப்புத் திரையை அனுப்புகிறது. பார்ப்பவருக்கு இரண்டும் "படம் வரவில்லை" என்ற ஒரே குறைதான். மெக்கானிக்குக் கதவே வேறு வேறு.

நீலம் என்றால் சிங்க் வரவில்லை. இந்தக் கம்ப்யூட்டரில் சிங்க் பல்ஸை உண்டாக்குவது 6845 என்ற சிப். அது தானாகவே ஓடாது. கம்ப்யூட்டர் விழித்தெழுந்து, வரிக்கு எவ்வளவு, திரைக்கு எத்தனை வரி என்ற கணக்கையெல்லாம் அதற்குச் சொன்ன பிறகே சிங்க் வரும். ஆகவே நீலத் திரை வந்தால் முதலில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். நல்ல நிலையில் உள்ள பிபிசி மைக்ரோ ஸ்விட்ச் போட்டதும் தாழ்ந்த குரலில் ஒரு சத்தம் தொடங்கி, உடனே உயர்ந்த குரலில் ஒரு சின்ன "பீப்" போட்டு அடங்கும். தாழ்ந்த சத்தம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் கம்ப்யூட்டரே கிளம்பவில்லை. கேபிளிலும் பெட்டியிலும் கை வைப்பது வீண். "பீப்" சரியாக வந்து, கண்ட்ரோலையும் ஜியையும் சேர்த்து அழுத்தினால் மறுபடி "பீப்" கேட்கிறதென்றால் உள்ளே உயிர் இருக்கிறது. அப்புறம் கேபிளைப் பாருங்கள். பிஎன்சி அடாப்டரில் நடு ஊசி உள்ளே போய்விடுவது சகஜம். மல்டிமீட்டரை கண்டினியூட்டியில் வைத்து நடு ஊசியையும் வெளி வளையத்தையும் தனித்தனியாகச் சோதித்தால் தெரிந்துவிடும்.

கறுப்பு என்றால் சிங்க் வருகிறது, எழுத்து வரவில்லை. இந்தக் கம்ப்யூட்டரில் திரை வகைகளை மோட் என்று எண் போட்டுச் சொல்வார்கள். பிபிசி மைக்ரோ ஸ்விட்ச் போட்டதும் மோட் 7 என்ற டெலிடெக்ஸ்ட் திரையில்தான் விழிக்கும். அந்த மோடுக்கு மட்டும் எழுத்து வரைந்து கொடுப்பது எஸ்ஏஏ5050 என்ற தனி சிப். மற்ற மோடுகளுக்கு அது தேவையே இல்லை. ஆகவே கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டே மோட் 4 என்று டைப் அடித்து ரிட்டர்ன் தட்டுங்கள். எழுத்துகள் பளிச்சென்று வந்தால் குற்றவாளி அந்த 5050 அல்லது அது உட்கார்ந்திருக்கும் சாக்கெட். சிப்பை மெதுவாக நெம்பி எடுத்து, கால்களைத் துடைத்துத் திரும்ப உட்கார வைத்தாலே பல செட்டுகள் சரியாகிவிடுகின்றன. எந்த மோடிலும் வராவிட்டால் வீடியோ யுஎல்ஏ பக்கம் போக வேண்டும். எல்லா மோடுகளின் படமும் அந்த சிப் வழியாகத்தான் வெளியே வருகிறது. முதல் வருஷங்களின் போர்டுகளில் அது நன்றாகச் சூடாகும். அதனால்தான் மேலே ஒரு ஹீட்சிங்க் ஒட்டியிருக்கும். சூடு ஏறிய பிறகு மட்டும் படத்தில் புள்ளிகள் பறந்தால் அந்த சிப்பின் சாக்கெட்டைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

ஒரு மலிவுப் பெட்டி இவ்வளவையும் பிரித்துக் காட்டுகிறது. விலையுயர்ந்த டிவிகள் பலவற்றில் சிக்னல் கொஞ்சம் சரியில்லாவிட்டாலும் "நோ சிக்னல்" என்று ஒரு பலகையைப் போட்டுவிட்டு உறங்கிவிடும். சிங்க் இருக்கிறதா இல்லையா என்ற தகவலே நமக்கு வராது. இதற்காகவே இந்தப் பெட்டி என் மேஜையில் நிரந்தரமாக இருக்கிறது.

அடுத்து கலர். நான் படித்த குறைகளில் இதுதான் அதிகம்: "படம் வருகிறது, ஆனால் கறுப்பு வெள்ளை." இதைக் கேட்டதும் பலர் கலர் முறை பாலா (PAL) என்டிஎஸ்சியா (NTSC) என்று மாற்றிப் பார்க்கிறார்கள், கேபிளை மாற்றுகிறார்கள், கடைசியில் கம்ப்யூட்டரை விற்றவரிடம் சண்டைக்குப் போகிறார்கள். பிபிசி மைக்ரோவின் பிஎன்சி சாக்கெட்டிலிருந்து கறுப்பு வெள்ளைதான் வர வேண்டும். கம்பெனி வைத்ததே அப்படித்தான். சிவப்பு, பச்சை, நீலம் எல்லாம் அங்கே சாம்பலின் வெவ்வேறு அடர்த்தியாக வரும்.

ஏன் அப்படி வைத்தார்கள் என்பதைப் புரிந்துகொண்டால் இந்தப் பெட்டி எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதும் புரிந்துவிடும். காம்போசிட் சிக்னலில் வெளிச்சமும் வண்ணமும் ஒரே கம்பியில் வருகின்றன. பால் முறையில் வண்ணம் 4.43 மெகாஹெர்ட்ஸில் துடிக்கும் ஒரு அலை மேல் ஏறி வரும். பச்சைத் திரை மானிட்டருக்கு அந்த அலை என்னவென்றே தெரியாது. அதையும் வெளிச்சம் என்று நினைத்து, எழுத்தின் மேல் பொடிப்பொடியாகப் புள்ளி வைத்துவிடும். அன்றைக்குப் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் பிஎன்சியில் மாட்டியது பெரும்பாலும் அந்த மாதிரி ஒற்றை நிற மானிட்டரைத்தான். கலர் வேண்டுகிறவருக்கு ஆர்ஜிபி இருக்கிறது, வீட்டு டிவிக்கு யுஎச்எஃப் இருக்கிறது. ஆகவே பிஎன்சிக்குச் சுத்தமான கறுப்பு வெள்ளை. எனக்கு இது மிக நல்ல முடிவாகவே படுகிறது.

இருந்தும் கலர் வேண்டுமென்றால் வழி இருக்கிறது. மெயின் போர்டின் பதிப்பு எண்ணை இஷ்யூ என்பார்கள். இஷ்யூ 4 போர்டிலிருந்து எஸ்39 என்று அச்சடித்த ஒரு லிங்க், அதாவது இரண்டு முனைகளைச் சேர்க்கும் இணைப்பு, உண்டு. அதை இணைத்தால் பிஎன்சியிலும் கலர் வந்துவிடும். இஷ்யூ 3-ம் அதற்கு முந்தையதுமாக இருந்தால் அந்த லிங்க் இருக்காது. கியூ9 டிரான்சிஸ்டரின் எமிட்டருக்கும் கியூ7-ன் பேஸுக்கும் நடுவே 470 பிகோஃபாரட் கண்டென்சர் ஒன்றை சால்டர் செய்ய வேண்டும். என் போர்டு பிந்தையது, அதனால் லிங்கோடு முடிந்தது. போர்டில் எந்த இஷ்யூ என்று அச்சடித்திருக்கும். மூடியைக் கழற்றியதும் முதலில் அதைப் படியுங்கள்.

லிங்க் போட்டும் கலர் வராவிட்டால்? யுஎச்எஃப் வழியே ஏதாவது ஒரு பழைய டிவியில் போட்டுப் பாருங்கள். அங்கே கலர் வந்தால் வண்ணம் உண்டாகும் பகுதி நன்றாக இருக்கிறது, கோளாறு லிங்க் பக்கம். அங்கும் வராவிட்டால் 17.73 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் பக்கம் போகவும். அதை நான்கால் வகுத்துத்தான் அந்த 4.43 கிடைக்கிறது. பக்கத்தில் ஒரு டிரிம்மர் கண்டென்சர் இருக்கும். வருஷக்கணக்கில் கிரிஸ்டல் கொஞ்சம் நகர்ந்திருந்தால், பிளாஸ்டிக் ஸ்க்ரூடிரைவரால் டிரிம்மரை மயிரிழை திருப்பியதும் கலர் சட்டென்று பூட்டிக்கொள்ளும். இரும்பு ஸ்க்ரூடிரைவரைக் கொண்டுபோனால் அது கிட்டே வரும்போதே அளவு மாறும், எடுத்ததும் கலர் போய்விடும். பழைய பிக்சர் டியூப் டிவி கொஞ்சம் விலகிய அலையையும் பிடித்துக்கொள்ளும். இந்தப் பெட்டி அவ்வளவு தாராளம் இல்லை. பழைய டிவியில் கலர் வந்து பெட்டியில் வராமலோ விட்டு விட்டு வந்தாலோ டிரிம்மரைத் தொட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது படத்தின் தரம்.

மோட் 7-ல் இந்தப் பெட்டியைக் குறை சொல்ல எதுவுமில்லை. 40 எழுத்து, 25 வரி, பெரிய பெரிய எழுத்து. என் 32 அங்குல டிவியில் சோபாவில் உட்கார்ந்தே பேசிக் நிரல் படிக்க முடிகிறது. கறுப்பு வெள்ளையில் விளிம்புகள் சுத்தம். எஸ்39 போட்டு வண்ணத்தில் பார்த்தால் சிவப்பு எழுத்து வலப்பக்கம் லேசாக வழியும், மற்றபடி நன்று.

மோட் 2, மோட் 5 இரண்டிலும் திரையின் அகலத்துக்கு 160 புள்ளிகள்தான். தடித்த புள்ளிகள். வண்ணமும் பெரிய பட்டைகளாக வருவதால் ஓரங்கள் கொஞ்சம் கலங்கினாலும் கண்ணுக்குப் பழகிவிடுகிறது.

எஸ்39 போட்டு வண்ணத்தில் பார்த்தால் மோட் 1, மோட் 4-ல்தான் தொல்லை ஆரம்பம். 40 மைக்ரோசெகண்டில் 320 புள்ளிகள். அதாவது செகண்டுக்கு 80 லட்சம் புள்ளிகள். ஒன்றுவிட்டு ஒன்று கறுப்பும் வெள்ளையுமாக வந்தால் அது 4 மெகாஹெர்ட்ஸ் அலை. வண்ணத்துக்கென்று வைத்திருக்கும் 4.43-க்குப் பக்கத்து வீடு. டிகோடருக்கு எது புள்ளி, எது வண்ணம் என்று பிரிக்கத் தெரியாமல் போகிறது. வெள்ளை எழுத்தின் செங்குத்துக் கோடுகளில் நீலமும் ஆரஞ்சுமாக மின்னும். பொடிக்கட்டம் போட்டு நிரப்பிய இடங்களில் வானவில் ஓடும். விலை கூடிய பெட்டியிலும் இது முழுமையாகப் போகாது. இரண்டையும் ஒரே கம்பியில் அனுப்பியதன் விளைவு இது.

மோட் 0, மோட் 3 இரண்டும் 80 எழுத்துத் திரைகள். இங்கே 640 புள்ளிகள், 16 மெகாஹெர்ட்ஸ். ஒன்றுவிட்டு ஒன்று என்றால் 8 மெகாஹெர்ட்ஸ். காம்போசிட் வழியாக இந்தப் பெட்டியால் அதைத் தூக்கவே முடியாது. வண்ணத்தோடு பார்த்தால் படிக்கவே முடியவில்லை. எஸ்39-ஐக் கழற்றிவிட்டுக் கறுப்பு வெள்ளையில் பார்த்தால் படிக்கலாம், ஆனால் ஈயும் ஏயும் எஸ்ஸும் அடுத்தடுத்து வந்தால் உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது. வண்ணமே இல்லாத சிக்னலிலும் இந்தப் பெட்டி 4.43-ஐச் சுற்றியுள்ள நுணுக்கத்தை வெட்டிவிடுகிறது என்பது என் கணிப்பு. பழைய பச்சை மானிட்டரில் இதே கேபிள், இதே மோட் 3, ஊசி முனை போல இருக்கிறது. சொல் எழுதும் வேலைக்கு இந்தக் கம்ப்யூட்டரை வைத்திருப்பவர்கள் இந்தப் பெட்டியை வாங்கிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

நடுக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். பிபிசி மைக்ரோ ஸ்விட்ச் போட்ட நிலையில் இன்டர்லேஸ் சிக்னல்தான் அனுப்பும், அதாவது படத்தை ஒன்றுவிட்டு ஒன்று வரிகளாக இரண்டு பாதியாகப் பிரித்து அனுப்பும். பெட்டி அந்த இரண்டு பாதிகளையும் சேர்க்கும்போது மெல்லிய படுக்கைக் கோடுகள் மேலும் கீழும் துடிக்கின்றன. நட்சத்திரக் குறி போட்டு டிவி 0,1 என்று அடித்து, அப்புறம் மோடை மாற்றினால் இன்டர்லேஸ் நின்றுவிடும். மோடை மாற்றாமல் பலன் இல்லை, பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். மோட் 7-க்கு இது பொருந்தாது, அது எப்போதும் இன்டர்லேஸில்தான் ஓடும். இன்டர்லேஸ் இல்லாமல் வரும் 312 வரிச் சிக்னல் ஒளிபரப்பு முறைப்படி சரியானது அல்ல என்பதால் சில டிவிகள் அதை ஏற்பதில்லை. இந்தப் பெட்டி ஏற்றுக்கொண்டது. ஒரு கணம் கறுத்து, திரும்ப வந்து, துடிப்பு வெகுவாகக் குறைந்தது. இதற்கு நல்ல மதிப்பெண் கொடுக்கிறேன். திரையின் மேல் வரி டிவி விளிம்பில் மறைந்தால் முதல் எண்ணை 255 ஆக்குங்கள். படம் ஒரு எழுத்து வரி கீழே இறங்கும்.

படம் கண்ணைக் கூசும் அளவு வெளுத்திருந்தால் 75 ஓம்ஸ் விஷயத்தைப் பாருங்கள். கம்ப்யூட்டர் 1 வோல்ட் சிக்னல் அனுப்புவது எதிர்முனையில் 75 ஓம்ஸ் ரெசிஸ்டர் இருக்கிறது என்ற கணக்கில்தான். அது இல்லாவிட்டால் வோல்டேஜ் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். பெட்டிக்குக் கரண்ட் கொடுக்காமல், மஞ்சள் சாக்கெட்டின் நடுவுக்கும் வளையத்துக்கும் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், 75-க்குப் பக்கத்தில் காட்டியது. மலிவுப் பெட்டியில் இந்த ஒழுங்கை எதிர்பார்க்கவில்லை, சந்தோஷமாக இருந்தது. வாங்கியதும் நீங்களும் இப்படிப் பாருங்கள். மிக அதிகமாகக் காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

படத்தில் குறுக்கே மங்கலான பட்டை நகர்ந்தால் எண்ணிப் பாருங்கள். இரண்டு பட்டை என்றால் 100 ஹெர்ட்ஸ், பவர் சப்ளையின் ஃபில்டர் கண்டென்சர் வற்றியிருக்கலாம். ஒரு பட்டை என்றால் 50 ஹெர்ட்ஸ், எர்த் வழியாகச் சுற்றி வருவது. டிவியையும் கம்ப்யூட்டரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டினாலே பல வீடுகளில் போய்விடும். படம் முழுவதும் மின்னி மின்னி நடுங்கினால் மெயின் போர்டுக்கு வரும் 5 வோல்ட் வயர்களைக் கவனியுங்கள். ஸ்பேடு முனை வைத்துச் செருகியிருப்பார்கள். அது தளர்ந்தாலோ கறுத்தாலோ வீடியோவில்தான் முதலில் தெரியும். இங்கே எல்லாம் பெட்டியை மாற்றி ஒரு பயனும் இல்லை.

இனி பெட்டியின் சொந்தக் குறைகள். கம்ப்யூட்டர் செகண்டுக்கு 50 முறை படம் அனுப்புகிறது, இது டிவிக்கு 60 என்று அனுப்புகிறது. அதனால் நிரல் வரிகள் மேலே ஓடும்போது சீராக ஓடாமல் திக்கித் திக்கி ஓடுகின்றன. பட்டனை அழுத்துவதற்கும் திரையில் அசைவதற்கும் நடுவே தாமதம் உண்டு. டைப் அடிக்கத் தெரியாது, பந்து அடிக்கும் விளையாட்டில் நன்றாகவே தெரியும். 4:3 படத்தை 16:9-க்கு இழுத்துத்தான் அனுப்புகிறது, பெட்டியில் மாற்ற வழியில்லை. டிவி ரிமோட்டில் அகலத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். 720, 1080 ஸ்விட்சால் படத்தில் எந்த வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை.

மாற்று என்ன என்று கேட்டால், என் முதல் விருப்பம் ஸ்கார்ட் என்ற பல பின் வீடியோ சாக்கெட் வைத்த 14 அங்குல பிக்சர் டியூப் டிவியும் ஆர்ஜிபி கேபிளும்தான். தாமதம் கிடையாது, வானவில் கிடையாது, ஸ்க்ரோல் ஆவது கண்ணில் ஒத்திக்கொள்ளும்படி இருக்கும். இங்கிலாந்தில் இன்னும் இலவசமாகவே கொடுக்கிறார்கள், வந்து தூக்கிப் போனால் போதும் என்கிறார்கள். ஸ்கார்ட் கேபிள் வாங்கும்போது 16-வது பின்னுக்கு 1-லிருந்து 3 வோல்ட் போகிறதா என்று கேட்டு வாங்குங்கள். அது இல்லாவிட்டால் டிவி ஆர்ஜிபிக்கு மாறாது, மறுபடி "படம் வரவில்லை" கதைதான்.

டியூப் டிவி வைக்க இடமில்லாதவர்களுக்கு ஆர்ஜிபி டு எச்டிஎம்ஐ என்ற திட்டம் இருக்கிறது. ராஸ்பெரி பை ஜீரோவின் மேல் ஒரு சின்ன போர்டு மாட்டிச் செய்வது, வரைபடம் எல்லோருக்கும் திறந்தது. பிபிசி மைக்ரோவை மனதில் வைத்துத் தொடங்கப்பட்ட திட்டம் என்பதால் இந்தக் கம்ப்யூட்டரின் எட்டு வண்ணங்களையும் ஒவ்வொரு புள்ளியாகப் பிரித்து அப்படியே எடுக்கிறது. மோட் 3-ல் 80 எழுத்தும் அச்சடித்த மாதிரி நிற்கும். விலை இந்தப் பெட்டியைப் போலப் பல மடங்கு. தினமும் கம்ப்யூட்டரை ஓட்டுகிறவர்கள் யோசிக்காமல் அதற்குப் போகலாம்.

இந்தப் பெட்டியையே வாங்குவதென்று முடிவு செய்தால், அதனோடு வரும் யுஎஸ்பி வயரை டிவியின் யுஎஸ்பி துளையில் மாட்டுங்கள். மலிவு போன் சார்ஜரில் மாட்டியபோது என் படத்தில் சாய்வாக மெல்லிய கோடுகள் ஊர்ந்தன, டிவிக்கு மாற்றியதும் நின்றன. பிஎன்சி அடாப்டர் பெட்டியோடு வராது. நடு ஊசி ஆடாத, முழு உலோக அடாப்டராகப் பார்த்துத் தனியே வாங்கிக்கொள்ளுங்கள்.